நாற்பத்து மூன்று நாள் சித்தி

தெருவில் எல்லோரும் அவரைப் போன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் சுவிட்ச்போர்டில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர் அது. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆன பிறகும், யாராவது கதவைத் தட்டினால் "சொல்லுங்க, யார் வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறப்பார். அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதால் வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரித்துவைப்பார்.

சுவிட்ச்போர்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, வார்டு எண்கள் ஒட்டிய பலகை, தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன். முகம் பார்க்காமலே மனிதர்களோடு பழகும் வேலை. எலும்பு டாக்டர் இன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா, இல்லையா என்பதை அவர் "ஹலோ" சொல்வதிலேயே அக்கா கண்டுபிடித்துவிடுவார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. கடைசி ஆறேழு வருஷம் தவிர.

அந்தக் கடைசி வருஷங்களில் ஒரு விதமான அழைப்பு கூடிக்கொண்டே போனது. "இருபது வயசுப் பையன், நீலச் சட்டை. அங்க யாராவது கொண்டு வந்தாங்களா?" என்று கேட்கும் அம்மாக்களின் அழைப்பு. கத்திக்குத்தாக இருக்கும், இல்லாவிட்டால் போதை ஊசி, இல்லாவிட்டால் மாத்திரை. அவசரப் பிரிவின் பட்டியல் அக்காவின் மேஜையிலேயே இருக்கும். ஆனால் போனில் எதையும் சொல்லக் கூடாது என்பது விதி. "நேர்ல வந்துடுங்கம்மா" என்பார். அதைக் கேட்டதுமே சிலருக்கு விளங்கிவிடும். போனை வைக்காமல் அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். காலியான ஒரு வீட்டின் சத்தம், மின்விசிறி சுற்றுவதோ குழாய் சொட்டுவதோ, காதில் விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் அக்காதான் லைனைத் துண்டிக்க வேண்டும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தம்பியின் படிப்பு, அப்பாவின் கண், அம்மாவின் இடுப்பு என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, கேட்க வருபவர்கள் நின்று போயிருந்தார்கள். தம்பி மனைவியோடு வெளிநாட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றுக்குப் பேசுவான். அம்மா போய் ஒன்பது வருஷம். மாடி வீடு: இரண்டு அறை, ஒரு சமையலறை. கீழே பூட்டிக் கிடக்கும் காகிதக் கிடங்கு. தெருவைப் பார்த்த அறை அம்மாவுடையது. அங்கே பூப்போட்ட கம்பி வைத்த பெரிய ஜன்னல் ஒன்று. அதன் நேர் எதிரே பஞ்சர் கடை.

பஞ்சர்காரருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு காலை லேசாக இழுத்து நடப்பார். கேஸ் சிலிண்டர் வரும் நாளில் அக்கா ஜன்னலில் நின்று கையைக் காட்டினால் போதும், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் காலோடு சிலிண்டரைத் தோளில் ஏற்றிப் பதினேழு படியும் தூக்கிவந்து வைப்பார். டீ கொடுத்தால் வாசலிலேயே நின்று குடிப்பார். "உள்ள வந்து உட்காருங்க தம்பி" என்றால், "வேட்டியெல்லாம் கிரீஸ் அக்கா" என்பார்.

தெருவைக் கெடுத்தவன் ஜாக்கி. ஒரு காலத்தில் வண்டியை வெறுங்கையால் தூக்கி நிறுத்துவானாம், அதனால் அந்தப் பெயர். இப்போது அவன் எதையும் தூக்குவதில்லை. தூக்குவதற்கு ஆள் வைத்திருந்தான். முதலில் தெருமுனையில் நாலு பேர் சும்மா நின்றார்கள். பிறகு அந்த நாலு பேரைப் பார்க்க வண்டிகள் வந்தன. பிறகு பள்ளிச் சீருடைகள் வந்தன. பக்கத்துத் தெரு ஆட்களோடு இடத்தகராறு வந்து பட்டப்பகலில் ஒருவனை வெட்டினார்கள். அதற்கப்புறம் பெண்கள் வாசலில் நாற்காலி போடுவது நின்றது. புகார் கொடுத்தால் போலீஸ் வரும். வரும்போது தெரு துடைத்து வைத்த மாதிரி இருக்கும். எப்படியோ முன்னாலேயே தெரிந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி ஒரு தோல்பையோடு ஒரு அம்மாள் வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டினார். இன்ஸ்பெக்டர்.

"உங்க முன்ரூம் கொஞ்ச நாளைக்கு வேணும்மா," என்றார். "ரெண்டு பேர் உட்கார்ந்து பார்ப்பாங்க, படம் எடுப்பாங்க. யார் கொண்டு வரா, யார் வாங்கறா, எங்க வைக்கறா. இதெல்லாம் கையில இருந்தாதான் கேஸ் நிக்கும். இல்லேன்னா இன்னைக்குப் பிடிச்சா நாளைக்கு வெளியில வந்துடுவாங்க."

"எனக்கு பயமா இருக்கே," என்றார் அக்கா.

"இருக்கத்தான் செய்யும். உங்க பேரு எங்கேயும் வராது."

"ஏன் என் வீடு?"

இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இந்தத் தெருவுல மாடி இருக்கறது ஆறு வீடு. அஞ்சு வீட்டுல பிள்ளைங்க இருக்கு. அந்த வீட்டுல போய்க் கேட்க எனக்கு மனசு வரலை."

அதாவது, இழக்க யாரும் இல்லாத வீடு. அக்காவுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அன்று சாயந்திரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது, போட்டது போட்டபடி கிடந்த அந்தப் போன்களின் சத்தம்தான் காதில் வந்தது. இரண்டு நாள் கழித்துச் சரி என்றார்.

வந்தவர்கள் இரண்டு பேர். இருபத்தேழு வயதில் ஒரு பெண் எஸ்.ஐ. முட்டிவலியோடு ஒரு ஏட்டு, ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கி. தெருவுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டுமே. அக்காவின் ஒன்றுவிட்ட அக்கா மகள் பரிட்சைக்குப் படிக்க வந்து தங்கியிருக்கிறாள், அவளுடைய அப்பா சாப்பாடு கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அப்படியானால் எஸ்.ஐ.க்கு அக்கா சித்தி. ஏட்டு, அக்காவுக்கு அத்தான்.

"கல்யாணமே ஆகாத எனக்கு அறுபத்திரண்டு வயசுல ஒரு அத்தானா?" என்றார் அக்கா.

"எனக்கும் வீட்டுல தெரிஞ்சா பிரச்சினைதாம்மா," என்றார் ஏட்டு. "முட்டியோட சேர்த்து மண்டையையும் உடைச்சுடுவா."

அக்கா அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை.

அம்மாவின் கட்டிலைச் சுவரோரம் தள்ளினார்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை. திரையில் கேமராவின் மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். நேரம், வண்டி எண், ஆள் அடையாளம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார்கள். மனிதர்களுக்குப் பெயர் தெரியாததால் அடையாளப் பெயர் வைத்தார்கள்: மஞ்சள் செருப்பு, கண்ணாடி, பெரிய காது. வெளியில் போகும்போது மட்டும் உறவு உரக்க நடந்தது. "அத்தான், பார்த்து இறங்குங்க" என்று அக்கா படியில் நின்று குரல் கொடுப்பார். சுவிட்ச்போர்டுக் குரல், தெருக்கோடி வரை தெளிவாகப் போகும்.

முதல் பத்து நாளில் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. வாங்குபவர்கள் வந்தார்கள், போனார்கள். சரக்கு எப்போது வருகிறது, எங்கே இறங்குகிறது என்பது பிடிபடவில்லை. எஸ்.ஐ. நோட்டை மூடிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

அக்கா காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "காத்து அடிக்கற மெஷின் ஓடுது பாரு."

"பஞ்சர் கடைன்னா ஓடத்தானே செய்யும்மா."

"கடையில வண்டி நிக்குதா பாரு."

நிற்கவில்லை. எஸ்.ஐ. ஜன்னலுக்குப் போனாள். மெஷின் ஒரு நிமிஷம் ஓடி நின்றது. கால் மணி நேரத்தில், அதுவரை காலியாக இருந்த தெருமுனைக்கு நாலு பேரும் வந்து நின்றார்கள். சரக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் சமிக்ஞை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், பழைய டயர்களுக்குள் கைவிட்டுப் பஞ்சர்காரர் ஒரு பொட்டலத்தை எடுப்பதை எஸ்.ஐ. படம் எடுத்துவிட்டாள். ஏட்டு அக்காவைப் பார்த்து, "உங்களை எங்க டிபார்ட்மென்ட்ல சேர்த்திருக்கணும்," என்றார். எஸ்.ஐ. வந்து தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

அக்கா சிரித்தார். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். காட்டிக்கொடுத்தது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. மெஷினை ஓட்டுவது தெருமுனையில் நிற்பவர்களில் யாராவது ஒருவனாகத்தான் இருப்பான் என்று நினைத்திருந்தார். காது சொன்னதை வாய் சொல்லிவிட்டது, இடையில் மனசைக் கேட்கவில்லை.

இருபதாவது நாள் வாக்கில் எஸ்.ஐ.க்குக் காய்ச்சல். ஏட்டு கேமராவைப் பார்த்துக்கொள்ள, உள்ளறையில் அவள் பகல் முழுக்கப் படுத்திருந்தாள். அக்கா ஈரத்துணி போட்டார், கஞ்சி வைத்துக் கொடுத்தார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கண்ணைத் திறக்காமலே அவள், "சித்தி, தண்ணி," என்றாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று சொன்ன சித்தி இல்லை அது. அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் தூங்கிய பிறகும் வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

முப்பதாவது நாள் ஒரு காரியம் நடந்தது. அதை அக்கா அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை. பால் வாங்கிவருகிறேன் என்று இறங்கி, நேரே பஞ்சர் கடைக்குப் போனார். ஒரே ஒரு வார்த்தை. "தம்பி, கொஞ்ச நாள் கடையை மூடிட்டு ஊருக்குப் போங்க." அவ்வளவுதான் சொல்ல நினைத்தது.

"என்னக்கா, சிலிண்டரா? இப்ப வரட்டுமா?" என்றார் அவர்.

அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் சீருடையில் ஒரு பெண் பிள்ளை வந்து நின்றது. பதினைந்து வயதிருந்தால் அதிகம். அதனிடம் சைக்கிள் இல்லை, வண்டி இல்லை. அக்கா எப்போது நகர்வார் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. பஞ்சர்காரர் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"இல்ல தம்பி. சும்மாதான்," என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பினார். பால் வாங்க மறந்து, படியேறின பிறகு மறுபடியும் இறங்கிப் போய் வாங்கினார்.

நாற்பத்து மூன்றாவது நாள், புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். தெருவின் இரு முனையிலும் வேன். ஜாக்கியை அவன் தங்கியிருந்த வீட்டிலேயே பிடித்துவிட்டதாக ஏட்டுக்குப் போன் வந்தது. இங்கே எட்டு பேர். பஞ்சர்காரர் ஓடவில்லை, அந்தக் காலோடு எங்கே ஓடுவது. வேனில் ஏற்றும்போது அவர் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று அக்கா நினைத்தார்.

"அக்கா," என்று கத்தினார் அவர். "வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்கக்கா. நம்பர் கடை போர்டுல இருக்கு."

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெருவில் நம்பிக் கேட்க அவருக்கு இருந்த ஒரே ஆள் அக்காதான்.

எஸ்.ஐ., "வேணாம் சித்தி, நாங்களே தகவல் கொடுத்துடுவோம்," என்றாள். அக்கா காதில் வாங்கவில்லை. போர்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். அந்தப் பக்கம் பெண் குரல். "உங்க வீட்டுக்காரரைப் போலீஸ் கூட்டிட்டுப் போறாங்கம்மா. அடிக்கலை, நல்லாத்தான் இருக்காரு. நான் எதிர்வீட்டுல இருந்து பேசறேன்," என்றார். குரல் நடுங்கவில்லை. வேலைப் பழக்கம். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்தாள். அந்த நன்றிதான் பல நாள் காதிலேயே நின்றது.

மாலைக்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கட்டிலைப் பழையபடி இழுத்துப் போட்டார்கள். ஏட்டு கையெடுத்துக் கும்பிட்டார். எஸ்.ஐ. படியில் நின்று, "போயிட்டு வரேன் சித்தி," என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். கொஞ்ச நாளைக்கு போன் பண்ண வேண்டாம், கேஸுக்கு நல்லதில்லை என்று மெதுவாகவும் சொன்னாள். இரண்டு ஹேர்பின்களை அலமாரியில் விட்டுப் போயிருந்தாள். அக்கா அவற்றை எடுத்து வைத்துக்கொண்டார், கேட்டு அனுப்பினால் கொடுக்கலாம் என்று.

மறுநாள் காலை மூன்று பேருக்கு டீ போட்டுவிட்டார்.

தெரு மூச்சுவிட்டது. வாசலில் நாற்காலிகள் திரும்ப வந்தன. பந்து விளையாடும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா மாடிப்படியின் கீழே நின்று, "உங்க அக்கா மக பரிட்சை என்னாச்சு?" என்று கேட்டார். "பாஸ் பண்ணிட்டா," என்றார் அக்கா. அடுத்த வாரம், "வேலை கிடைச்சிடுச்சா?" கிடைத்துவிட்டது. எங்கே? தூரத்தில். தங்க இடம்? ஹாஸ்டல். சாப்பாடு? அதுதான் சரியில்லையாம். கேட்டவர்கள் மறந்துபோன பிறகும் அக்கா தானாகவே சொல்லத் தொடங்கினார்: "அவளுக்கு இப்ப காய்ச்சல் விட்டுடுச்சாம்." சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து, எதற்குச் சொன்னோம் என்று வெட்கப்படுவார்.

நாலாவது மாதம் குற்றப்பத்திரிகையின் நகலைச் சட்டப்படி கைதானவர்களுக்குக் கொடுத்தார்கள். கூடவே படங்கள். எடுத்தவர் பெயர் இருந்தது, எடுத்த வீட்டின் பெயர் இல்லை. ஆனால் ஒரு படத்தின் ஓரத்தில், மங்கலாக, கம்பியில் செய்த பூ ஒன்று விழுந்திருந்தது. அந்தத் தெருவில் பூப்போட்ட ஜன்னல் ஒன்றே ஒன்றுதான்.

யாரும் கல்லெறியவில்லை. யாரும் திட்டவில்லை. பேச்சு மட்டும் நின்றது. ஜாமீனில் வந்த இரண்டு பேர் தெருமுனையில் நின்றதால், அக்காவிடம் பேசுவதை அவர்கள் பார்ப்பார்களோ என்ற பயம்தான். பயமென்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் வலிக்காமல் இருக்குமா. தெருவைச் சுத்தம் செய்தது பிடித்திருந்தது எல்லோருக்கும். அதைச் செய்தவரோடு ஒரு நாற்காலியில் உட்காரத்தான் முடியவில்லை. டீச்சரம்மா தெருவில் எதிரே வந்தால் கைப்பைக்குள் எதையோ தேடுவார். சிலிண்டர்காரன் கீழேயே வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டுப் போனான். அக்கா அதைப் படிப்படியாக உருட்டி ஏற்றினார். பதினேழு படிக்கு முக்கால் மணி நேரம்.

பிறகு பேசாத போன்கள். எடுத்தால் மூச்சுச் சத்தம். முதல் நாள் உடனே வைத்துவிட்டார். மூன்றாம் நாள், "சொல்லுங்க, யார் வேணும்?" என்றார். "வண்டிச் சத்தம் கேக்குது. வெளியில நிக்கறீங்க போல. ஓரமா நின்னு பேசுங்க," என்றார். அந்தப் பக்கம் ஒரு கணம் குழம்பி, வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி, "உனக்கெதுக்குக்கா இந்த வேலை? பேசாம வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடேன்," என்றான். அவன் மனைவி பின்னால் ஏதோ சொன்னதும், "கொஞ்ச நாள் கழிச்சு," என்று சேர்த்துக்கொண்டான்.

ஒரு மத்தியானம் பஞ்சர்காரரின் மனைவி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அன்னைக்குப் போன் பண்ணது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"ஜன்னல்ல வெச்சுப் படம் எடுத்ததும் உங்க வீட்டுலதானா?"

அக்கா ஒரு பொய்யைத் தேடினார். கிடைக்கவில்லை. "ஆமா," என்றார்.

"அவரு உங்களுக்கு சிலிண்டர் தூக்கிக் கொடுப்பாருன்னு சொல்லியிருக்காரு."

"தூக்கிக் கொடுத்தாரும்மா. ஒவ்வொரு தடவையும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விலகிப் போயிருப்பாரே. அவங்கதான் கடை நடத்த விடமாட்டோம்னு மிரட்டி வெச்சிருந்தாங்க. உங்களுக்குத் தெரியுமா அது?"

"தெரியாது."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கையைப் பிடித்திருக்கலாம். அக்கா அந்தச் சீருடைப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல நினைத்தார். இவளிடம் போய் அதைச் சொல்வது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று தோன்றியதால் சொல்லவில்லை. அவள் படியிறங்கிப் போவதைக் கடைசிப் படி வரை காதால் எண்ணினார்.

ஒரு வருஷம் கழித்து விசாரணை. இன்ஸ்பெக்டர் வந்தார், முகம் இளைத்திருந்தது. "உங்க பேரு வராதுன்னு சொன்னேன். ஆனா அந்த ரூம்ல இருந்துதான் எடுத்தாங்கன்னு வீட்டுக்காரங்க சொல்லலேன்னா, படமெல்லாம் ஜோடிச்சதுன்னு தள்ளிடுவாங்க போலிருக்கு. கட்டாயமில்லை."

"இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் அக்கா. "வரேன்."

கோர்ட் வராந்தாவில் நீண்ட பெஞ்சு. அக்கா இஸ்திரி போட்ட புடவையில், அந்த இரண்டு ஹேர்பின்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். எஸ்.ஐ. சீருடையில் வந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, உடனே அடங்கியது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சிகள் ஒருவரோடொருவர் பேசினால் வம்பு. அவள் பக்கத்தில் நின்ற காவலரிடம், "இவங்க மூணாவது சாட்சி. மேடமுக்குத் தண்ணி கொண்டு வந்து கொடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மேடம். சரிதான், வேறு என்ன சொல்வாள்.

கூண்டில் ஏறி, பெயர், வயது, வேலை எல்லாம் சொன்னார். அறையைக் கொடுத்ததைச் சொன்னார். பஞ்சர்காரர் எதிரே நின்ற வரிசையில் ஓரமாக இருந்தார். அவர் இப்போதும் தரையைத்தான் பார்த்தார்.

ஜாக்கியின் வக்கீல் எழுந்தார். "நீங்க தனியா இருக்கீங்க. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. போலீஸ்காரங்க வந்து சித்தின்னு கூப்பிட்டதும் அவங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டீங்க. சரிதானே?"

அரசு வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். நீதிபதி கையமர்த்தி, "விருப்பம் இருந்தா பதில் சொல்லுங்கம்மா," என்றார்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "துணையா இருந்தது உண்மைதான் சார். அந்த மாதிரி நாள் எனக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. ஆனா அறையைக் கொடுத்தது அதுக்காக இல்ல. துணை வேணும்னா நான் தெருவோட ஒத்துப்போயிருப்பேன். நாலு பேர் பேசியிருப்பாங்க."

அந்த வக்கீல் தாளை மடித்துவிட்டு உட்கார்ந்தார். வெளியே வந்தபோது எஸ்.ஐ.யின் ஜீப் போய்விட்டிருந்தது. ஹேர்பின்கள் கைக்குட்டையிலேயே வீடு திரும்பின.

ஜாக்கிக்குப் பத்து வருஷம். ஐந்து பேருக்கு மூன்று முதல் ஏழு வரை, பஞ்சர்காரருக்கு மூன்று. மற்றவர்களை விட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டரை மாற்றிவிட்டார்கள், உத்தரவில் காரணம் எதுவும் இல்லை. பஞ்சர் கடையை அவர் மனைவி திறந்தாள். முதல் மாதம் டயரைக் கழற்ற முடியாமல் வண்டிக்காரர்களே கழற்றிக் கொடுத்தார்கள். இப்போது அவளே கழற்றுகிறாள். அக்கா ஜன்னலைத் திறக்கும் நேரமும் அவள் கடையைத் திறக்கும் நேரமும் ஒன்றுதான். இருவரும் பார்த்துக்கொள்வதில்லை.

விற்பனை நின்றதா என்றால், இந்தத் தெருவில் நின்றது. இரண்டு தெரு தள்ளி, சந்தைக்குப் பின்னால், வேறு ஆட்கள், வேறு கடை. அதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தார்.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் இளைஞர். ஃபைலைப் படித்துவிட்டுத் தேடி வந்திருந்தார். "சந்தைக்குப் பின்னால டைப்பிங் சொல்லித் தர்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. மாடியில தனியா. அவங்ககிட்ட கேட்கலாம்னு. நீங்க கொஞ்சம் பேசினா தைரியமா இருக்கும்."

"தைரியம் சொல்ல வரமாட்டேன்," என்றார் அக்கா. "என்ன ஆகும்னு சொல்றதுக்கு வேணா வரேன். எனக்கு யாரும் அதைச் சொல்லலை."

டைப்பிங் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். நாலு பழைய மெஷின்கள், உறை போட்டு மூடியிருந்தன. அக்கா ஒன்றையும் விடாமல் சொன்னார். ஜன்னல்கம்பி படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது முதல், கடைசியில் உங்கள் பெயர் வெளியே வரும், வராது என்று சொல்வார்கள், வரும் என்பது வரை. பிடிபடுபவர்களில் உங்களுக்கு வேண்டிய ஒருவர் இருப்பார். வருகிற பெண் நல்லவளாக இருப்பாள், அதுதான் கஷ்டம். இளம் இன்ஸ்பெக்டர் நெளிந்தார்.

"நீங்க மறுபடியும் செய்வீங்களா?" என்று கேட்டார் டைப்பிங் அம்மா.

"செய்வேன்," என்றார் அக்கா. உடனே வந்துவிட்ட பதில் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஆனா எதிர்க்கடைக்காரரைப் பத்தி முதல்லயே கேட்டுத் தெரிஞ்சுக்குவேன். மிரட்டித்தான் வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிருந்தா, அவரையும் வெளியில கொண்டுவர வழி இருக்கான்னு இவங்களைக் கேட்டிருப்பேன்."

டைப்பிங் அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வாசல் வரை வந்து, "உங்க வீட்டுக்கு ஒரு நாள் வரட்டுமா? அந்த ஜன்னலைப் பார்க்கணும்," என்றார்.

"நாளைக்கே வாங்க," என்றார் அக்கா. வீடு திரும்பி அம்மாவின் அறையைப் பெருக்கி, கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டார். இரண்டு நல்ல டம்ளர்களைத் தேடி எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாள் டைப்பிங் அம்மா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் இளம் இன்ஸ்பெக்டர் போனில், "சம்மதிச்சுட்டாங்கம்மா," என்றார். அக்கா சரி என்று வைத்துவிட்டார். சம்மதம் சொன்ன பிறகு டைப்பிங் அம்மா இங்கே வருவதும் முறையில்லை, தான் அங்கே போவதும் முறையில்லை. இருவரையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் பாழ். அதை அக்காவிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாரத்தில் இரண்டு நாள் அக்கா காய் வாங்கச் சந்தைக்குப் போகிறார். பின்பக்கச் சந்து வழியாகப் போனால் கொஞ்சம் சுற்று, ஆனால் அப்படித்தான் போகிறார். அந்த மாடியின் கீழே வரும்போது கூடையைக் கை மாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு நிமிஷம் நிற்பார். மேலே யாரோ இளம் பெண் குரல், "அத்தை, காபியா டீயா?" என்று கேட்பது காதில் விழும். நிமிர்ந்து பார்க்காமல் நடந்துவிடுவார்.